கடல்லயும் பூக்குதா?

அவள் போனில் வந்த படத்தைத் தோட்டத்து மேட்டில் பூத்திருந்த பூவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

பூவில் ஊதா இதழ், நடுவில் மஞ்சள். படத்தில் ஊதா உடம்பு, ஓரமெல்லாம் மஞ்சள். அண்ணன் தம்பி என்று சொல்லலாம்.

படத்தில் இருந்ததற்கு மட்டும் ஒரு முனையில் இரண்டு சின்னக் கொம்புகள். அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

அந்தமான் கடலடியில் எபி எடுத்த படம். கடலுயிர்களைக் கணக்கெடுக்கிற வேலை அவள் மகனுக்கு. தினம் ஒன்றை ஸ்டேட்டஸில் போட்டு ஊருக்கே காட்டுவான். பெற்றவளுக்கென்று ஒரு வார்த்தை கிடையாது.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. கடல் கொந்தளித்துத் தீவில் மாட்டிக்கொண்டு, தன் அப்பாவின் அடக்கம் முடிந்தபின் வந்து நின்றவனை வாசலில் வைத்தே கேட்டுவிட்டாள்.

"இப்ப யாரப் பாக்க வந்தே?"

தோளில் மாட்டிய பையைக் கழற்றாமல் திரும்பிப் போனான்.

அதற்குப் பிறகு கூப்பிட்டால் எடுப்பதில்லை. மன்னிப்புக் கேட்டு அனுப்பியதற்கும் பதில் இல்லை.

இந்த மலையில் பேச ஆளா இல்லை? மழை, கோசு விலை, மூட்டுவலி, எல்லாம் பேசலாம். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால்தான் ஒருத்தரும் இல்லை.

பூவைப் படம் எடுத்தாள். அவன் ஸ்டேட்டஸுக்குப் பதிலாக அனுப்பினாள். கூடவே எழுதினாள்.

"நம்ம மேட்டுப் பூ கடல்லயும் பூக்குதாப்பா?"

எபிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி. தப்பாக யார் சொன்னாலும் திருத்தாமல் இருக்க முடியாது. பிரசங்கத்துக்கு நடுவே எழுந்து, "மீன் வயித்துல இருந்தது நோவா இல்லங்க, யோனா" என்று பாதிரியாரையே திருத்தியவன்.

தோட்டத்தில் இறங்கினாள். ஒவ்வொரு கோசாகக் குனிந்து இலையைப் புரட்டினாள். இடுப்பில் செருகிய போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

பாதி வரிசையில் அது அதிர்ந்தது.

"அது பூ இல்லம்மா. நத்தை."

அம்மா என்று இருந்தது.

அதை மட்டும் திரும்பப் படித்தாள். எழுத்து கலங்கித் தெரிந்தது. இதோடு விட்டால் மறுபடி வாயை மூடிக்கொள்வான்.

இலைக்கடியில் அப்போதுதான் பிடித்த ஒன்று அவளது இடது உள்ளங்கையில் ஊர்ந்தது. ஓடில்லாத நத்தை. காலமெல்லாம் கோசிலிருந்து அவள் பொறுக்கி எறிகிற சனியன். இரண்டு கொம்பையும் நீட்டியது.

அதை எறியவில்லை. வலது கைக் கட்டைவிரலால் எழுதினாள்.

"நத்தைன்னா ஓடு எங்கடா?"

போன் அடித்தது.