பாதி விலை அரிசி

“சம்பளம் கம்மின்னு வாயால சொன்னா ஆச்சா சார்? எவன் ஏழை, எவன் ஏழை வேஷம் போடுறான்னு எனக்குத்தான் தெரியும்!”

கேம்ப் பாஸ் நாகலிங்கம் சொல்லச் சொல்ல, தமிழர் அமைப்பிலிருந்து வந்திருந்த பாலகுரு பயபக்தியோடு தலையாட்டினார். துபாய் அல் கூஸ் லேபர் கேம்ப்பின் வெயிலில் டை கட்டிக்கொண்டு வந்த ஒரே மனிதர் அவர்தான். கழுத்தில் கேமரா வேறு.

வரிசையில் முதல் ஆளாக நின்ற கார்மேகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாயிரத்து எட்டாம் வருடம். அரிசி விலை ஒரேயடியாக இரண்டு மடங்காகியிருந்தது. கார்மேகத்தின் ரூமில் எட்டுப் பேர் சேர்ந்து நடத்தும் மெஸ்ஸில் இரண்டு வாரமாகச் சோறே இல்லை. காலையில் குப்பூஸ், ராத்திரியும் அதே குப்பூஸ். நாள் முழுக்கக் கம்பி கட்டிவிட்டு வந்து அந்த ரொட்டியை மென்றால் தாடைதான் வலித்தது, பசி போகவில்லை.

இந்த நேரத்தில்தான், வரவேண்டிய நடிகைக்கு விசா கிடைக்காமல் தமிழர் அமைப்பின் நட்சத்திர இரவு நின்றுபோனது. வசூலித்த பணத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அவர்களுக்கு ஏழைகளின் ஞாபகம் வந்துவிட்டது. கேம்ப் கடையில் அரிசி பாதி விலைக்கு. மீதிப் பாதியைக் கடைக்கார லுக்மானிடம் அமைப்பே கட்டிவிட்டது. கடை வாசலில் முப்பது மூட்டை அடுக்கியிருந்தது. ஒரே நிபந்தனை, உண்மையான ஏழைக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

“எங்களப் பாத்தா ஷேக்கு மாதிரியா தெரியுதுண்ணே?” என்றான் கார்மேகம்.

“நீ பேசாத. போன மாசம் மொபைல் வாங்கினவன்தானே நீ?”

“அது பழசு. ஸ்பீக்கர் வேலை செய்யாது. வித்ததே நீங்கதான்.”

வரிசை கொல்லென்று சிரித்தது. பாலகுரு கையமர்த்தினார். “சண்டை வேண்டாம். ஸ்பான்ஸர்ஸுக்கு நான் பதில் சொல்லணும். க்ளியரா ஒரு ரூல் சொல்லுங்க, மிஸ்டர் நாகலிங்கம்.”

“வாய் பொய் சொல்லும் சார், பத்தாக்கா சொல்லாது. அந்த லேபர் கார்டுல தொழில் ‘லேபர்’னு போட்டிருந்தா பாதி விலை. மத்தவன் முழு விலை. அவ்வளவுதான், கலாஸ்!”

“எக்ஸலண்ட்!”

கார்மேகத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பின்னால் நின்ற இஸ்ரவேலிடம் திரும்பினான். “இருபது வருஷம் கல்ஃப்ல இருந்தும் இவனுக்கு மூளை வளரல பாத்தியா? லேபர் கேம்ப்புக்குள்ள லேபரத் தேடுறான்.”

“அரபி மட்டும் வளந்திருக்கு,” என்றான் இஸ்ரவேல். கண்ணில் படுகிற அரபிப் போர்டை எல்லாம் உரக்கப் படித்துக் காட்டிப் பீற்றிக்கொள்வது நாகலிங்கத்தின் வியாதி.

“நல்லவேளை, இன்சூரன்ஸுக்குன்னு ஒரு வாரமா வாங்கி வச்சிருந்த நம்ம எல்லார் பத்தாக்காவையும் நேத்தே திருப்பிக் குடுத்துட்டான்,” என்றான் கார்மேகம்.

கார்டில் தொழில் அரபியில்தான் இருந்தது. கீழக்கரை மதரஸாவில் ஓதிய லுக்மானைப் படிக்கச் சொன்னார் பாலகுரு.

லுக்மான் கார்மேகத்தின் கார்டைப் பார்த்தான். பிறகு கார்மேகத்தைப் பார்த்தான்.

“நீ போட்டோகிராபராம்ப்பா.”

“யாரு, நானா?”

“இந்தா, இஸ்ரவேல். தையல்காரன். பழனிச்சாமி... அக்கௌண்டன்ட்.”

பழனிச்சாமி கைநாட்டு. வரிசை உருண்டு புரண்டது. “கணக்கர் சார், என் ஓவர்டைமக் கொஞ்சம் ஏத்தி எழுதுங்க!”

அந்தச் சிரிப்பு வெகுநேரம் நீடிக்கவில்லை. சமையல்காரன், டிரைவர், பூ விற்பவன் என்று லுக்மான் படித்துக்கொண்டே போனான். ஆள் எடுத்த அன்றைக்குக் கம்பெனியிடம் எந்த விசா காலியாகக் கிடந்ததோ, அதில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். அந்த வரிசையில் கம்பி கட்டாதவன் எவனும் இல்லை. கார்டுப்படி லேபரும் எவனும் இல்லை.

“சார், கார்ட விடுங்க. கையப் பாருங்க.” கார்மேகம் உள்ளங்கைகளை விரித்து நீட்டினான்.

பாலகுரு பார்க்கவில்லை. “எமோஷனலா பேசாதீங்க. போட்டோகிராபருக்கு அரிசி குடுத்தேன்னா ஸ்பான்ஸர்ஸ் என்ன சொல்வாங்க?” கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். “மூட்டை இன்னைக்கே முடிஞ்சாகணும், எனக்கு ஒரு போட்டோவும் வேணும். இந்தக் கேம்ப்ல ஒரு லேபர்கூடவா இல்ல?”

நாகலிங்கம் தொண்டையைச் செருமினான். கூச்சத்தோடு சட்டைப் பையிலிருந்து தன் பத்தாக்காவை எடுத்து லுக்மானிடம் நீட்டினான்.

“ஆமில்,” என்று படித்தான் லுக்மான். “லேபர்தான்.”

“வந்தப்ப அடிச்ச விசா சார். மாத்தவே இல்ல.”

“அடப்பாவி, அவன் போட்ட ரூல்ல அவனே மாட்டிக்கிட்டான்டா!” கார்மேகம் வாய்விட்டுச் சிரித்தான். “கேம்ப் பாஸே லேபராம்!”

நாகலிங்கத்தின் முகம் தொங்கியிருக்க வேண்டும். தொங்கவில்லை. அவன் இன்னொரு பையில் கைவிட்டு, ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுக்கட்டு ஒன்றை எடுத்தான்.

“ஆளுக்கு இத்தனைன்னு ரூல் இல்லையே சார்? முப்பதையும் நானே எடுத்துக்கறேன்.”

பாலகுருவின் முகம் மலர்ந்தது. மூட்டையை அணைத்தபடி நின்ற நாகலிங்கத்தின்மேல் கேமரா பளிச்சிட்டது.

கார்மேகத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

“டேய் இஸ்ரவேலு, நம்ம பத்தாக்காவ ஒரு வாரம் வச்சிருந்தது இன்சூரன்ஸுக்கு இல்லடா.”

“பின்ன எதுக்கு?”

“உக்காந்து ஒவ்வொரு கார்டுலயும் இருக்கிற அரபியப் படிச்சிருக்கான்.”