இஞ்ச வா, கொம்

பஞ்சுவைத் தன் தோட்டத்துக்குக் கூட்டிப்போக மணப்பாறையிலிருந்து ரோசலின் அக்கா வந்திருந்தார். நிரோஜா இறந்து ஐந்து மாதமாகியும் அந்த நாய் அவள் கணவன் விசாகனின் பேச்சைக் கேட்பதில்லை. கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது.

"நாங்கல்லாம் கூப்பிட்டா துரை வரமாட்டீங்களோ?" என்று அக்கா குனிந்து பார்த்தார். "என்ன சொன்னா வருவான், தம்பி?"

விசாகனுக்குத் தெரியும். அவன் இதுவரை சொன்னதில்லை. நிரோஜா ஜெர்மனியில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். சிறுமியாக அங்கே பக்கத்து வீட்டு நாயை 'இஞ்ச வா' என்று தமிழில் கூப்பிட்டாள், அது திரும்பவில்லை. விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போனபோது தெருநாய்களை 'கொம்' என்று ஜெர்மனில் கூப்பிட்டாள், அவையும் திரும்பவில்லை. "நாய்க்குக்கூட நான் எந்த ஊர்ப் பிள்ளையெண்டு விளங்கேல்லயப்பா," என்று சொல்லிச் சிரிப்பாள். அதனால்தான் பஞ்சுவைக் குட்டியிலிருந்தே இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொல்லிப் பழக்கினாள்.

அக்கா புதுச் சங்கிலியோடு காத்திருந்தார். விசாகன் தரையில் உட்கார்ந்தான்.

"இஞ்ச வா, கொம்."

அவளுடைய இழுப்பு அப்படியே வந்துவிட்டது. பஞ்சு பாய்ந்து வெளியே வந்தது. அவனைத் தாண்டி ஓடி, சாத்தியிருந்த வாசல் கதவின் முன் உட்கார்ந்து வாலை ஆட்டியது.

அக்கா சங்கிலியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "கதவைத் திறக்கட்டுமா, தம்பி?"

விசாகனும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணாங்க்கா. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."