அழுதால் நாற்பது

திண்டிவனம் தாண்டியதும் வேதவல்லிக்கு மறுபடி அழுகை முட்டியது. உடனே காரின் வேகம் எண்பதிலிருந்து நாற்பதுக்கு இறங்கியது.

"பதற்றமாக இருக்கிறீர்கள். பாதுகாப்பான வேகத்துக்கு மாற்றியிருக்கிறேன்" என்றது, ஓட்டுபவரின் முகத்தைக் கவனித்து வேகத்தை முடிவு செய்யும் குரூஸ் கன்ட்ரோல். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தும் கார் மசியவில்லை.

தம்பி போனில் வந்தான். "எங்கக்கா வந்துட்டிருக்க? ராகு காலத்துக்கு முன்னாடி அப்பாவை எடுத்துரணும்ங்கறாங்க."

அவர்கள் ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அப்பா முகத்தை வீட்டில் பார்த்தால்தான் உண்டு.

"வந்துருவேன்டா." உதட்டைக் கடித்து அழுகையை விழுங்கினாள். கார் ஐம்பது, அறுபது என்று ஏறியது.

"எதுக்கும் இப்பவே ஒரு தடவை பார்த்துக்கக்கா" என்று தம்பி வீடியோவை அப்பா பக்கம் திருப்பினான்.

வேதவல்லி பார்க்காமலே போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கவிழ்ந்த போனிலிருந்து அம்மாவின் ஒப்பாரி கேட்டது. கார் மெல்ல நாற்பதுக்கு இறங்கியது.