முப்பத்தொரு மெசேஜ்

"ஷாரோன், முப்பத்தொரு மெசேஜ் எங்கன போச்சு?"

மேனேஜர் வேல்ராஜ் போட்ட சத்தத்தில் தென்காசி ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

குற்றாலத்து லாட்ஜ்களுக்கு ரூம் புக்கிங் சாஃப்ட்வேர் கொடுக்கிற கம்பெனி அது. கோளாறு என்றால் லாட்ஜ்காரர்கள் போன் செய்வார்கள். சரியானதும், உதவியவர் பெயரைப் போட்டு நன்றி மெசேஜ் அனுப்புவார்கள்; சரியாகாவிட்டால் திட்டி அனுப்புவார்கள். வருகிறதெல்லாம் க்யூவில் நிற்கும். ஷாரோன் எழுதிய பைத்தான் புரோகிராம் அதை எடுத்து, யாருக்கு எத்தனை நன்றி, எத்தனை திட்டு என்று எண்ணிச் சொல்லும். சீசன் முடிவில் நன்றி குறைந்து கடைசியில் நிற்பவருக்கு வேலை கிடையாது. முதலாளி உத்தரவு.

"க்யூவுல இருநூத்திப் பன்னெண்டு. ரிப்போர்ட்டுல நூத்தி எம்பத்தொண்ணு. பன்னெண்டு மணிக்கு முதலாளிக்கு அனுப்பணும். பதில் சொல்லுதியா, இல்லையா?"

ரிப்போர்ட்டில் ஷாரோன் பெயருக்கு நேரே பூஜ்யம்.

"அண்ணாச்சி, இங்கன ஒரு ஃபில்டர் கிடக்கு" என்றான் பக்கத்து சீட் ஜஸ்டின், புரோகிராமைப் பார்த்தபடி. "க்யூவுல இருந்து எடுக்கும்போது, ஷாரோன் பேர் இருக்க மெசேஜை மட்டும் விட்டுருது."

"அப்படிச் சொல்லு! வாங்கிக் கட்டிக்கிட்டதை எல்லாம் ஒளிச்சு வச்சிருக்கா. தூக்குலே அந்த ஃபில்டரை."

தூக்கினான். முப்பத்தொன்றும் வந்து விழுந்தன.

'ஷாரோன் மேடத்துக்கு நன்றி.' 'ஷாரோன் இல்லாட்டி சனிக்கிழமைக் கூட்டத்தைச் சமாளிச்சிருக்க முடியாது.' அத்தனையும் பாராட்டு.

வேல்ராஜ் ஷாரோன் பக்கம் திரும்பினார். "கிறுக்கா பிடிச்சிருக்கு? நல்ல பேரை யாராவது மறைப்பாங்களா?"

"ஃபில்டர் இல்லாம இப்ப கடைசியில யாரு அண்ணாச்சி?" என்றாள் ஷாரோன்.

பார்த்தார். மீனா. இரண்டே மெசேஜ். அவள் ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜுக்குக் கோளாறு பார்க்கப் போயிருந்தாள்.

"எங்க எல்லாரையும் விட அவதான் நல்லா வேலை பாக்குதா. வாய் திக்குது. பேரைச் சொல்லி முடிக்கதுக்குள்ள போனை வச்சிருதாங்க. பேர் தெரியாம யாருக்கு நன்றி சொல்லுவாங்க?"

"அதுக்காக நீ வேலையை விடுவியா?"

ஷாரோன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றின் வேலை உத்தரவு. ஒண்ணாந்தேதி சேர வேண்டும்.

"எப்படியும் போறவ, கடைசி ஆளாவே போயிருதேன் அண்ணாச்சி. ராஜினாமா பண்ணிட்டுப் போனா மீனாதான் மாட்டுவா."

வேல்ராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம்.

"ஏலே ஜஸ்டின், அந்த ஃபில்டரை இருந்த இடத்துலயே போடு. முதலாளி ரிப்போர்ட்டைத்தான் பாப்பாரு, க்யூவைப் பாக்க மாட்டாரு."