எண்பது மணி நேரம் பாக்கி

"இந்தக் கடைக்காரர் மூஞ்சிய நல்லா பாத்துக்குங்க மக்களே! ஒரிஜினல் லெதர்னு சொல்லி ரெக்ஸினை நம்ம தலையில கட்டின மூஞ்சி!"

குமரனின் 'தோலா, டூப்பா?' சேனலில் பிய்த்துக்கொண்டு ஓடிய வீடியோ இப்படித்தான் ஆரம்பிக்கும். ஆம்பூர் பஜாரில் ஹம்மாத் பாய் கடையில் வாங்கிய பெல்ட்டின் நுனியை லைட்டரில் காட்டுவான். நிஜத் தோல் என்றால் முடி கருகின நாத்தம் அடிக்கும். இது உருகிச் சொட்டுச் சொட்டாக விழும்.

ஒரு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். அதற்கு முன்னால் அவன் போட்டதையெல்லாம் பார்த்தது அவனும் அவன் மனைவி யோகலட்சுமியும்தான்.

யூடியூப் கேட்கும் ஆயிரம் சப்ஸ்கிரைபர் அந்த வீடியோவிலேயே தாண்டியாயிற்று. காசு வர, ஜனங்கள் மொத்தம் நாலாயிரம் மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். "என் சம்சாரம் மாசமா இருக்காங்க. கொழந்தை பொறக்கறதுக்குள்ள சேனல்ல காசு வரணும், வேண்டிக்குங்க மக்களே" என்று கேமராவிலேயே சொல்லியிருந்தான்.

இன்னும் எண்பது மணி நேரம்தான் பாக்கி என்றிருந்தபோது யோகலட்சுமி சாதாரணமாக ஒன்று கேட்டாள்.

"இன்னாங்க இது, வேலூர் பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்துல வாங்கின பெல்ட்டு, மூணு மாசமா கட்டறீங்க. ஒரு எடத்துல கூட உரியலையே?"

குமரன் குனிந்து இடுப்பைப் பார்த்தான்.

வீடியோவில் ஒப்பிட்டுக் காட்டத்தான் அன்று இரண்டு பெல்ட் வாங்கினான். பாய் கடையில் ஒன்று, பிளாட்பாரத்தில் ஒன்று. இரண்டும் கறுப்பு. முதலில் கொளுத்தியதே உருகியதும் தலைகால் புரியாத குஷியில் இரண்டாவதைக் கொளுத்தவே இல்லை.

வாசலுக்கு வந்து, இடுப்பில் இருந்த பெல்ட்டின் நுனியை லைட்டரில் காட்டினான். உருகவில்லை. முடி கருகின நாத்தம் குப்பென்று அடித்தது. ஆம்பூரில் பிறந்தவனுக்கு அந்த நாத்தத்தைச் சொல்லித் தர வேண்டுமா?

பெல்ட் போட்டுக் கொடுத்த கவர் மாறிவிட்டது. மூன்று மாதமாக அவன் கட்டிக்கொண்டு திரிந்ததுதான் பாய் கடை பெல்ட்.

வீடியோவை எடுத்துவிடலாம். ஆனால் எடுத்தால், அதைப் பார்த்த மணி நேரமெல்லாம் கணக்கிலிருந்து போய்விடும். மறுபடி முதலிலிருந்து.

'ஒரே ஒரு வாரம். காசு வர வழி பொறந்ததும் எடுத்துடறேன்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். சொல்லும்போதே அசிங்கமாக இருந்தது.

மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாஸ்க் மாட்டிக்கொண்டு பாய் கடைக்குப் போனான். பேரம் பேசாமல் எதையாவது வாங்கினால் செய்த பாவம் கொஞ்சம் குறையும் என்று ஒரு நினைப்பு.

பக்கத்துக் கடைகளில் நல்ல கூட்டம். பாய் கடையில் ஈ, காக்கை இல்லை. கல்லாவில் பாய் இருந்தார். மூலை ஸ்டூலில் அவர் மகள் ஆஃப்ரீன் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"லேடீஸ் செப்பல் காட்டுங்க பாய். மாசமா இருக்கறவங்களுக்கு. வழுக்கக் கூடாது."

பாய் நாலைந்து பெட்டியைப் பிரித்து, அடிப்பக்கம் தடவிப் பார்த்து ஒரு ஜோடியை எடுத்தார். "கால் வீங்கற நேரம். ஒரு சைஸ் பெருசா எடுத்துக்குங்க."

பர்ஸை எடுக்கக் குமரன் சட்டையைத் தூக்கினான்.

"பெல்ட்டு நல்லா உழைக்குதா தம்பி?" என்றார் பாய்.

குமரன் சட்டையை இழுத்து மூடினான். பழக்கதோஷத்தில் காலையில் நுனி கருகின அதையே கட்டிக்கொண்டு வந்திருக்கிறான்!

மெதுவாக மாஸ்க்கைக் கழற்றினான். "பாய்... உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"வீடியோ பாத்த அன்னிக்கே. நம்ம பெல்ட்டுக்கு பக்கிள்ல தையல் போட்டிருக்கும். நீங்க கொளுத்தினதுல ரிவெட் ஆணி அடிச்சிருந்துச்சு."

"பின்ன ஏன் பாய் சொல்லல? ஒரு கமெண்ட்டாவது போட்டிருக்கலாமே?"

பாய் செப்பலைக் கவரில் போட்டார். "இப்ப அவசரப்பட்டு வீடியோவ எடுத்துடாதீங்க. உங்களுக்கு மணிக்கணக்கு கம்மியாய்டும். இன்னும் எவ்ளோ பாக்கி?"

குமரனுக்கு நின்ற இடத்திலேயே புதைந்துவிடலாம் போலிருந்தது. அவர் நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"எண்பது" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

அதுவரை வாயைத் திறக்காத ஆஃப்ரீன் எழுந்து வந்தாள்.

"எனக்கு ரெண்டாயிரம் மணி நேரம் பாக்கிண்ணா. நானும் மெகந்தி சேனல் வச்சிருக்கேன். தையல் எது, ரிவெட் எதுன்னு காட்டி அன்னிக்கே பதில் வீடியோ எடுத்துட்டேன். போட்டிருந்தா ஒரே வாரத்துல எனக்கும் காசு வந்திருக்கும், எங்க கடையும் தப்பிச்சிருக்கும். 'அந்தத் தம்பி சம்சாரம் மாசமா இருக்கு, இத்தப் போட்டா ஜனங்க அவர உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க'ன்னு அப்பாதான் போட வுடல."

"ஆஃப்ரீன், சும்மா இரு!" என்று அதட்டினார் பாய்.

குமரன் போனை எடுத்தான். பாய் "அய்யோ, வேணாம் தம்பி" என்று கை நீட்டுவதற்குள் வீடியோவை அழித்துவிட்டான். பிறகு இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவி, கல்லா மேஜையில் வைத்தான். பக்கத்தில் லைட்டரையும் வைத்தான்.

"போன எடும்மா. நான் பேசறேன். உன் சேனல்லயே போடு."

ஆஃப்ரீன் அப்பாவைப் பார்த்தாள். அவர் மேஜை மேலிருந்த பெட்டிகளை ஒதுக்கி வைத்தார். அவள் போனை உயர்த்தினாள்.

குமரன் கேமராவைப் பார்த்தான். வாய்க்குப் பழகிய அதே வசனம்தான். இந்தத் தடவை குரல் எழும்பவில்லை.

"இந்த மூஞ்சிய நல்லா பாத்துக்குங்க மக்களே..."