மர வாத்துக்கு ஜோடி

வீட்டை விற்றுவிட்டு வண்டியிலேயே குடித்தனம் நடத்தும் எங்களுக்கு ஒரே சட்டம்தான். ஒரு பொருள் உள்ளே வந்தால், ஒன்று வெளியே போக வேண்டும்.

பிஸ்பீ ஊரின் பழைய சந்துகளில் எங்கள் வண்டி நுழையாது. மனைவி லோர்னாவையும் அவளுடைய பெரிய பையையும் இறக்கிவிட்டு, ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். பழம்பொருள் கடை வாசலில் புதுத் தொப்பியோடு நின்றாள்.

"இதுக்கு எது வெளியே போகுது, மகாராணி?"

"அதெல்லாம் நான் பாத்துக்கிட்டேன். வா, பசிக்குது."

அதற்குள் கடை ஜன்னலில் ஒரு மர வாத்தைப் பார்த்துவிட்டேன்.

"லோர்னா, அப்படியே நம்ம வாத்து மாதிரியே இருக்கு!"

"ஒரு வாத்தோட நான் படுற பாடு போதாதா? வேண்டாம் ஹார்லன்."

"பாவம், கட்டிலுக்கு அடியில தனியாக் கிடக்குது. ஜோடி சேத்துடலாம்."

"அப்போ எது வெளியே போகும்?"

"என் மீன்பிடி பூட்ஸ்!"

வாத்துக்குக் காசு வாங்கிக்கொண்ட கடைக்காரம்மா ஏனோ லோர்னாவைப் பார்த்துச் சிரித்தாள்.

வண்டிக்குத் திரும்பியதும் பூட்ஸைக் குப்பையில் போட்டேன். புது வாத்தோடு கட்டிலடிப் பெட்டியைத் திறந்தேன். காலி.

"நம்ம வாத்து எங்கே?"

லோர்னா தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"உன் கையிலதான் இருக்கு. வெளியே போனதை நீதானே உள்ளே கூட்டிட்டு வந்தே?"