மோனிகாவுக்கு ஒரு ஃப்ளெக்ஸ்

“ஃபர்ஸ்டு நம்ம பொண்ணுதான்! எழுதி வெச்சிக்கோங்க!”

ரேஸ் ட்ராக் வாசலில் நின்ற வேனிலிருந்து கத்திக்கொண்டே இறங்கினார் மோனிகாவின் அப்பா சண்முகம். அவருக்குப் பின்னால் ஆந்திர எல்லை ஊரான நகரியின் விசைத்தறித் தெரு பாதி இறங்கியது. கையில் ரோஜா மாலை, ஆயிரம் வாலா, இரண்டு அண்டா புளிசாதம்.

மோனிகாவுக்கு உயிரே போய்விட்டது. அப்பாவை மட்டும்தான் வரச் சொல்லியிருந்தாள்.

பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. ஆறு வருடம் சேர்த்த காசில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார். அதை ரோட்டில் ஓட்டினால் மாட்டு வண்டிக்குப் பின்னால்தான் போக வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இந்த ட்ராக்கில் என்றைக்காவது ஒரு நாள், அவரவர் வண்டியை அவரவர் ஓட்டிப் பார்க்கலாம் என்று திறந்துவிடுவார்கள். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. போன மாதமே இதையெல்லாம் போனில் அப்பாவிடம் விவரமாகச் சொல்லியிருந்தாள். மனிதர் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டார் போலிருக்கிறது.

“இன்னா மோனிகா, ஃப்ளெக்ஸு பாத்தியா?” சண்முகத்தின் தம்பி பழனி செல்போனை நீட்டினார்.

நகரி ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே, ஆளுயரத்துக்குக் கூலிங் கிளாஸோடு மோனிகா. ‘கார் ரேஸில் முதல் பரிசு வென்ற எங்கள் வீரமங்கைக்கு வாழ்த்துகள்! இவண்: தந்தை சண்முகம்.’ தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம்.

“சித்தப்பா, நான் இன்னும் வண்டியவே ஸ்டார்ட் பண்ணலியே!”

“நேத்தே கட்டிட்டாரும்மா. வந்தப்புறம் கட்டலாமேன்னு நான்கூட சொன்னேன். ‘எம் பொண்ணு மேல நம்பிக்கை இல்லாதவன் வேன்ல ஏறாத’ன்னுட்டாரு ஒங்க நைனா.”

அதற்குள் ட்ராக்குக்குள் போகும் வழியில் ஒரே கூச்சல். சண்முகம் தலைக்கு மேலே பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு நின்றார். திருஷ்டி கழிக்கிறாராம். “ஐயா, வேணாங்க! வண்டியெல்லாம் வழுக்கும்!” என்று ட்ராக் ஆட்கள் இரண்டு பேர் ஓடிவந்து காயைப் பிடுங்கிக்கொண்டார்கள். கார்களில் சாய்ந்து நின்ற சென்னைக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது. சண்முகமோ நிறுத்துவதாக இல்லை.

“பாத்துக்க பழனி. ஓட்டறவங்க அத்தினி பேரும் ஆம்பளைங்க. ஒருத்திதான் பொண்ணு. அது எம் பொண்ணு.”

பழனியின் மகள் சுமித்ரா இந்த வருடம் இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்தவள். மோனிகாவின் ஹெல்மெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் அவளைப் பெண் பார்க்க வருகிறார்களாம்.

மோனிகாவின் முறை வந்தது. ஓட்டி முடித்து வந்ததும் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள். சொன்னால் அப்பாவின் முகம் செத்துவிடும். சொல்லாவிட்டால், விவரம் தெரிந்த எவனாவது நாளைக்குச் சொல்வான். ஊரே சிரிக்கும்.

இருபது நிமிடம். நேர் பாதையில் கார் நூற்றெண்பதைத் தொட்டது. சுற்றுக்குச் சுற்று நேரம் குறைந்தது. வெட்கமெல்லாம் முதல் இரண்டு வளைவிலேயே உதிர்ந்துபோயிற்று. நான் வாங்கிய வண்டி, நான் ஓட்டுகிறேன் என்ற நினைப்பே அவளுக்குப் போதுமாக இருந்தது.

திரும்பி வந்து இறங்கினாள். மாலையோடு ஓடிவந்த அப்பாவைக் கையைப் பிடித்துக் காருக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

“நைனா, இது ரேஸே இல்ல. பரிசும் இல்ல. போன்லயே சொன்னேனே, மறந்துட்டியா?”

“தெரியும் கண்ணு.”

“தெரியுமா? தெரிஞ்சுமா ஃப்ளெக்ஸ் கட்டின?”

சண்முகம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“சும்மா வாடான்னா பழனி வருவானா? அண்ணன் பொண்ணு பரிசு வாங்கப் போவுதுன்னதும் குடும்பத்தோட வந்து வேன்ல குந்திக்கினான். சுமித்ராவுக்கு எம்செட் நுழைவுத் தேர்வுல நல்ல ரேங்கு. திருப்பதியில இன்ஜினியரிங் சீட்டு கெடைக்கும். இவன் இன்னாடான்னா கண்ணாலம் பேசிக்கினு கீறான். பொம்பளப் புள்ள படிச்சி இன்னா ஆவப்போவுதுன்றான். ஒரு மாசமா வாயால சொல்லிப் பாத்தேன், ஏறல. அதான், கண்ணால பாக்கட்டும்னு இட்டுக்கினு வந்தேன்.”

“நாளைக்கு உண்மை தெரிஞ்சா ஊரே உன்னப் பாத்து சிரிக்குமே நைனா!”

“சிரிக்கட்டும் போ. ஊரு என்னப் பாத்து நாலு நாளு சிரிக்கும். அந்தப் பொண்ணு நாலு வருசம் படிக்குமே!”

இந்த மனிதரையா ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்தோம்? கார் வாங்கிய பெருமையெல்லாம் கால்தூசியாகத் தோன்றியது, இவருக்கு மகளாகப் பிறந்த பெருமைக்கு முன்னால். மோனிகா மாலைக்குக் கழுத்தை நீட்டினாள்.

அப்போது பழனி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். பரிசுக் கோப்பை எங்கே என்று கேட்கப் போகிறாரோ என்று அவளுக்குத் திக்கென்றது.

“ஏம்மா மோனிகா, திருப்பதியில நீ படிக்கசொல்ல ஆஸ்டல்ல தங்கினியே… அங்க பொண்ணுங்களுக்குச் சோறு நல்லா போடுவாங்களா?”